நெல்லையில் அப்பாவுக்கு ஒரு பழைய கார்: ஆடி மாதக் கன்சல்டிங் அலைச்சல்

இங்கிலாந்தில் நான் இருக்கிற லெஸ்டரில் பழைய கார் வாங்குவது சோம்பேறிகளுக்கு ஏற்ற வேலை. நம்பர் பிளேட்டை அரசாங்கத் தளத்தில் தட்டினால் போதும், அந்த வண்டி ஒவ்வொரு வருஷமும் எம்.ஓ.டி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போனபோது எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் ஃபெயில் ஆனது, எந்த டயர் தேய்ந்திருந்தது என்று முழு ஜாதகமும் வந்துவிடும், காசும் கிடையாது. மூன்று வருஷம் ஆன எந்தக் காரும் அந்தச் சோதனைக்குத் தப்ப முடியாது என்பதால், மீட்டரைக் குறைத்து விற்கிறவன் அங்கே சுலபமாக மாட்டிக்கொள்வான். நம்மூரில் சொந்த உபயோகக் காரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பது 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கிறபோதுதான். நடுவில் அது எங்கே முட்டியது, எந்தத் தண்ணீரில் நின்றது என்பதெல்லாம் விற்கிறவருக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம். அதனால் இங்கே வண்டியைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவதுதான் பெரிய வேலை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைப்பதில்லை. வீட்டில் இருக்கிற பழைய வேகன் ஆருக்கும் 15 வருஷம் நெருங்கிவிட்டது. புது ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்றால் "இந்த வயசுல எனக்கு எதுக்குல புது வண்டி, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான போறேன்" என்கிறார். சரி, ஐந்து லட்சத்துக்குள் பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று பார்ப்போம் என்று முடிவானது. எனக்கு லீவு கிடைப்பது பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையில், அதாவது சரியாக ஆடி மாதத்தில். ஆடியில் வண்டி எடுக்கவே கூடாது என்று அம்மா. ஆனால் பேரம் பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது, பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் கடைகள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஆடியில் பேசி முடித்து ஆவணி பிறந்ததும் டெலிவரி என்பதில் அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

ஊருக்குப் போகிறவர்கள் முதலில் அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கடை வாசலில் நின்றுகொண்டே நம்பரைப் போட்டால் வண்டி எந்த வருஷம் பதிவானது, எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்கிறது, பேங்க் கடன் நிற்கிறதா என்று காட்டிவிடும். பாக்கி அபராதத்தை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்க்கலாம். டி போர்டில் டாக்சியாக ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகளும் நிறைய சுற்றுகின்றன, ஆர்.சி.யின் பழைய விவரங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், ஷெட்டை விட்டு வெளியவே வரல" என்று ஒருவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆப்பில் பார்த்தேன், இரண்டாவது ஓனர், ஆர்.சி.யில் ஏறியிருந்த ஃபைனான்ஸ் (எச்.பி. என்பார்கள்) இன்னும் கேன்சல் ஆகவில்லை. போனைக் காட்டியதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எச்.பி. கேன்சல் ஒரு வாரத்துல முடிச்சிரலாம் சார், நீங்க அட்வான்ஸ் மட்டும் போடுங்க." நெல்லையில் இத்தனை டாக்டர்களா என்று எனக்கே ஆச்சரியம், பார்த்த வண்டியில் பாதி டாக்டர் வண்டி.

பேங்க்காரர்கள் கடன் முடிந்ததற்கு என்.ஓ.சி. தர வேண்டும், அதோடு ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குகிற ஃபார்ம் 35 கையெழுத்தாகி வர வேண்டும், இரண்டும் கையில் இல்லாத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் போட வேண்டாம். இது பேப்பர் சமாச்சாரம் என்பதால் கறாராகக் கேட்டு வாங்கிவிடலாம். பேப்பரில் இல்லாததுதான் கஷ்டம்.

கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம் ஒன்றுக்கும் போனோம். ஏசி, காபி, ஒவ்வொரு வண்டிக்கும் பல பக்கத்துக்குச் சோதனை அறிக்கை, எல்லாம் பிரமாதம். வெளி மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன், அதுக்கு கம்பெனி பாலிசி இடம் கொடுக்காது சார், எங்க ரிப்போர்ட் இருக்கே என்றார்கள். அப்புறம் பில் போடும்போது முழு விலைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஒரு கணக்கு காட்டினார்கள். 2025 ஜனவரியிலிருந்து பழைய கார்களுக்கு 18 சதவீதம்தான், ஆனால் அது டீலர் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்கு மட்டும். அதைச் சொன்னதும் அந்தப் பையன் உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து, "சார், அது டைப்பிங் மிஸ்டேக்" என்றான். நாங்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம், காபி நன்றாகத்தான் இருந்தது.

தென்மாவட்டத்தில் வண்டி பார்க்கிறவர்கள் 2023 டிசம்பரை மறக்கக் கூடாது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் மிதந்தன. அன்று முங்கிய கார்களில் இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று எழுதித் தள்ளியவையும் பிறகு ஏலத்தில் போய், துடைத்துப் பூசப்பட்டு மறுபடி ரோட்டுக்கு வரும். அப்படிப்பட்டது என்று நான் சந்தேகப்படுகிற ஒரு வண்டி தூத்துக்குடி ரோட்டில் ஒரு யார்டில் நின்றது. வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே ஊதுபத்தி வாசனையும் மீறி ஒரு ஈர வாடை. என்னோடு வந்த மெக்கானிக் ஒரு வார்த்தை பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேலே கறுப்பாக இருந்த பட்டை, அடியில் ஒரு முழம் அளவுக்குச் செம்மண் நிறத்தில் கோடு போட்டிருந்தது. அப்புறம் சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட்டைக் காட்டினார், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் மாவு மாதிரி வண்டல். "மழைக்காலத்துல கார்ப்பெட் நனையத்தான செய்யும் சார்" என்றார் கடைக்காரர். வாஸ்தவம்தான்.

மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி முடித்துக் கொடுக்கிற மெக்கானிக்குக்கு கன்சல்டிங்காரர் கமிஷன் கொடுப்பது ஊர் வழக்கம், அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அதனால் எங்கள் ஆளிடம் முதல் நாளே பேசிவிட்டேன்: "வண்டி பார்க்கப் போற ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு கூலி, வாங்கினாலும் வாங்காட்டாலும் உண்டு, அந்தப் பக்கம் எதுவும் வாங்க வேண்டாம்ணே." அவர் சிரித்தார், ஆனால் அதற்கப்புறம் ஒரு வண்டியையும் "எடுக்கலாம்" என்று அவசரப்பட்டுச் சொல்லவில்லை. இருபத்தி நாலாயிரம் கிலோமீட்டர் காட்டிய ஒரு 2019 மாடலில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததை அவர்தான் காட்டினார். நான்கு டயரும் புதுசு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம், அதில் 23 என்று இருந்தது. இருபத்தி நாலாயிரம் ஓடிய வண்டிக்கு எதற்கு நான்கு டயரையும் மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்றில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் யாரோ பிடுங்கி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசியில் வண்டி எடுத்தது கே.டி.சி. நகர்ப் பக்கம் ஒரு அண்ணாச்சியிடம். தகரக் கொட்டகை, ஏழெட்டு வண்டிக்கு மேல் நிறுத்த இடமில்லை, போர்டும் பாதி அழிந்திருக்கும். போனதும் அவர் சொன்ன முதல் விஷயம், "இடது பக்கம் முன் கதவு டிங்கரிங் பார்த்தது, பட்டி போட்டிருக்கு, நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்புடுதேன்." மெக்கானிக்கிடம் கொண்டு போகலாமா என்றதற்கு, "தாராளமா கொண்டு போங்க, பெட்ரோல் மட்டும் நீங்க போட்டுக்கிடுங்க" என்று சாவியை மேசையில் வைத்தார். இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் கியரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போதுதான் குணம் தெரியும் என்பதால் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்கே ஓட்டிப் போய், பின்னால் டவுன் பஸ்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். லேசாகப் பின்னால் நகர்ந்தது, ஆனால் உதறவில்லை. பழைய ஓனரே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு சர்வீஸ் விவரத்தை அனுப்பினார், அதில் இருந்த கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போயின.

2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது, ஃபார்ம் 29பி என்பார்கள். அது இருந்து, வண்டி கைக்கு வந்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரைக்கும் அவரே ஓனர் ஸ்தானத்தில் பொறுப்பு. நான் கேட்ட இடங்களில் முக்கால்வாசிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், ஒருவர் "நீங்க வக்கீலா சார்" என்றார். அண்ணாச்சி டிராயரைக் குடைந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்.

இது எனக்கு முக்கியமானதற்கு இன்னொரு காரணம், எங்கள் பழைய வேகன் ஆரையும் அவரிடமே தள்ளிவிட்டோம். நம்மூரில் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர், தேதி எதுவும் எழுதாமல் வைத்துக்கொண்டு, வண்டி மூன்று கை மாறும்வரை பெயர் மாற்றாமலே ஓட்டுவார்கள். அந்த வண்டி எங்கேயாவது மோதினால் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வருவது ஆர்.சி.யில் இருக்கிறவர் வீட்டுக்கு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மகன் லெஸ்டரில் இருக்க, எழுபது வயதில் அப்பா கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? நான் ஊரில் இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஓ.டி.பி. வருவது அப்பாவின் ஊர் நம்பருக்குத்தான், வாகனப் பதிவில் பழைய செத்துப்போன நம்பர் இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் விஷயத்தில் அண்ணாச்சியும் பாதி ரொக்கமாகக் கேட்டுப் பார்த்தார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, மாட்டினால் வாங்கின அவ்வளவுக்கும் அவருக்குத்தான் அபராதம் என்றதும் விட்டுவிட்டார். அப்பா கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் போனது. இருபதாயிரம் மட்டும் பிடித்து வைத்து, புது ஆர்.சி. வீட்டுக்கு வந்தபின் தருவதாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்னைக் கேட்டால், டீலரை எடை போட இதைவிட நல்ல சோதனை இல்லை. இதற்கு ஒத்துக்கொள்கிறவர் வேலையை முடித்துத் தருவார், முகம் சுளிக்கிறவரிடம் ஆர்.சி.க்காக மாதக்கணக்கில் போன் அடிக்க வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸில்தான் அவர் இழுத்தடித்தார். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. "அதெல்லாம் ரினிவல்ல பாத்துக்கிடலாம் தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கம்பெனி ஆபீசுக்குப் போய் மாற்றினேன். பழைய ஓனர் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், நமக்கு வராது என்பதால் அந்த வித்தியாசத்தையும் கட்ட வேண்டியிருந்தது. இதை முன்னாலேயே விலையில் கழித்துப் பேசலாம். ஃபாஸ்டேக்கும் பழையதைப் பழைய ஓனர் மூடினால்தான் நமக்குப் புதுசு வேலை செய்யும்.

ஆவணி பிறந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி வீட்டுக்கு வந்தது. ஆர்.சி. நான் லெஸ்டர் திரும்பிய பிறகு ஸ்பீடு போஸ்ட்டில் வந்து சேர்ந்தது, மீதி இருபதாயிரத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இரண்டாவது சாவி மட்டும் இன்னும் வந்தபாடில்லை. பழைய ஓனர் சென்னையில் இருக்கிறாராம், தீபாவளிக்கு வரும்போது வாங்கித் தாரேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், எந்த தீபாவளி என்று அப்பா கேட்கவில்லை.