நிலைக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடு: நீல டேப் தேறுமா?

கதவு நிலையில் எனாமல் பெயிண்ட், சுவரில் எமல்ஷன் பெயிண்ட். இரண்டும் சேரும் கோடு பிசிறில்லாமல் வர பெயிண்ட் படாமல் ஓரத்தை மறைக்கும் ஸ்காட்ச்புளூ 2090 நீல டேப் கொடுத்த காசுக்குத் தகும். ஒட்டி 14 நாள் வரை பசை தங்காமல் உரியும். சாதாரண மாஸ்கிங் டேப் வெயில்படும் கதவு நிலையில் சீக்கிரமே பசையை அப்பிவிடும்.

ஆனால் டேப் மட்டும் போதாது. நிலையோரப் பிளவை அக்ரிலிக் சீலண்டால் (பிளவை அடைக்கும் பசையால்) அடைத்து, நன்றாகக் காய்ந்தபின் டேப்பை நிலையின் மேல் ஒட்டி, விளிம்பைப் பட்டித் தகட்டால் அழுத்தித் தேயுங்கள். டேப்புக்கு அடியில் பெயிண்ட் கசிவதெல்லாம் பழைய பிரஷ் கோடுகளின் பள்ளம் வழியாகத்தான் வரும். அதனால் தண்ணீரில் கலக்கும் நிறமற்ற வார்னிஷை விளிம்பில் மெல்லிசாக ஓட்டிக் காயவிடுங்கள். அது புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பள்ளமும் அடைபடும்.

கடைசி கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் எமல்ஷன் தோலாகக் கூடவே கிழியும். அப்படிக் காய்ந்திருந்தால் டேப் ஓரத்தைப் பிளேடால் கீறிவிட்டு எடுங்கள். நேற்று அடித்த எனாமல் மேல் மட்டும் ஒட்டவே வேண்டாம்.