இஎல்எம் 327 புளூடூத் ஸ்கேனர்: ஐ.டி.ஐ. பணிமனையில் ஓராண்டு

மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக நான் சேர்ந்தபோது, பணிமனையில் ஓடும் நிலையில் இருந்தது கார்புரேட்டர் பொருத்திய அம்பாசிடர் எஞ்சின் ஒன்றுதான். 2013 ஏப்ரல் முதல் நாட்டில் புதிய கார்களுக்கு எஞ்சின் கோளாறுகளைத் தானே கண்டறிந்து குறியீடாகப் பதிவுசெய்யும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயம் என்றிருக்க, எங்கள் மாணவர்கள் பழைய எஞ்சின்களின் இக்னிஷனில் உள்ள காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொண்டிருந்தார்கள். தொழில்முறை ஸ்கேனருக்கான கோப்பு நகரும்வரை பொறுக்க மனமின்றி, காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் அந்தத் தகவலைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்பும் இஎல்எம் 327 என்ற இந்தச் சிறு கருவியைச் சில நூறு ரூபாய்க்குச் சொந்தப் பணத்தில் வாங்கினேன்.

முதலில் வந்தது என் காருடன் இணையவே இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூல இஎல்எம் 327 சிப்பின் நகல்கள்; '1.5' என்று அச்சிட்டிருந்தாலே நகல் என்று கொள்ளலாம், ஏனெனில் மூல நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. திருப்பியனுப்பி வாங்கிய இரண்டாவது கருவி இன்றுவரை வேலை செய்கிறது.

இதைக் கொண்டு நடத்திய பாடங்களில் மிகவும் பயன்பட்டது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் பயிற்சி. கனெக்டரைக் கழற்றியதும் கைப்பேசித் திரையில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கு இறங்கி, பி0118 என்ற பிழைக்குறியீடு தோன்றுகிறது. ரேடியேட்டர் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்குகிறது. வயரிங் பக்கத்து இரு முனைகளையும் இணைத்தால் அளவு உச்சத்துக்கு ஏறி, பி0117 வருகிறது. சென்சார் கழன்றே கிடக்கும்போது குறியீடு மாறுவதைக் கண்ட பிறகுதான், குறியீடு காட்டுவது சுற்றை, கெட்டுப்போன உதிரிபாகத்தை அல்ல என்பது மாணவர்களுக்குப் பிடிபட்டது. ஆகவே பக்கத்தில் மல்டிமீட்டர் இல்லாமல் இக்கருவியை நான் வகுப்பில் எடுப்பதில்லை. அது இல்லாமல் எடுத்தால், அளந்து பார்க்காமலே பாகம் மாற்றும் பழக்கத்தைத்தான் கற்றுத்தருவோம். கழற்றிய கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்த பின்னரே அடுத்த கேள்வி.

குறைகளும் உண்டு. பொதுவான செயலிகளில் ஏபிஎஸ், ஏர்பேக் பிழைகள் தெரிவதில்லை; எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தனியே இயக்கிப் பார்க்கவும் முடியாது. சாதாரண புளூடூத் வகை ஐபோனுடன் இணையாது. எனவே இது தொழில்முறை ஸ்கேனருக்கு மாற்றாகாது. ஆனால் இருபது பேர் கொண்ட வகுப்பில் ஐந்து குழுக்களுக்கு ஐந்து கருவி கொடுக்கலாம் என்பது அந்த ஒற்றை விலையுயர்ந்த கருவியால் இயலாத காரியம்.

வாங்குவோர் ஒன்றை மறக்க வேண்டாம்: சாவியை எடுத்த பிறகும் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் இருக்கும். பொங்கல் விடுமுறையில் செருகியபடியே விட்டுச்சென்ற எனக்கு, திரும்பி வந்ததும் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் முறையைப் பாடத்திட்டத்தில் இல்லாத செய்முறையாகக் கற்பிக்க நேர்ந்தது.