சின்னமன் ரோல் மாவு: அன்றே சுடுவதா, ராத்திரி ஃபிரிட்ஜில் வைப்பதா?

வேலூர் வெயிலில் சின்னமன் ரோல் (பட்டைத்தூள் தடவிச் சுருட்டிச் சுடும் இனிப்பு பன்) செய்ய உட்கார்ந்தால் முதலில் வரும் குழப்பம் இதுதான்: பிசைந்த மாவை வெளியே வைத்து அன்றே சுடலாமா, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சுடலாமா?

நேரம்:
வெளியே: குறிப்புகளில் ஒன்றரை மணி நேரம் என்றிருக்கும். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது அதற்கு வெகு முன்னாலேயே மாவு இரட்டிப்பாகிவிடும், அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள்.
ஃபிரிட்ஜ்: 8 முதல் 12 மணி நேரம்.

சுருட்டி வெட்டுவது:
பெரிய வித்தியாசமே இங்கேதான். வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், அப்படியென்றால் வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் சமையலறையில் மத்தியான நேரம் தடவிய வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, பட்டைத்தூள் எல்லாம் ஓரமாக ஒழுகி, வெட்டும்போது கத்தியோடு இழுபடும். ஃபிரிட்ஜ் மாவோ விறைப்பாக நிற்கும். தையல் நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்கே இழுத்தால் போதும், சுருள் நசுங்காமல் வட்டமாக வரும்.

ருசி:
மெதுவாகப் புளித்ததற்குத்தான் மணம் அதிகம், சந்தேகமே வேண்டாம்.

செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

மார்கழி, தை மாதங்களில், அல்லது சாயந்திரமே பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் அன்றே சுடுங்கள். சித்திரை, வைகாசியில் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜ்தான். ஆனால் வெட்டிய துண்டுகளைச் சில்லென்று அப்படியே ஓவனில் வைக்காதீர்கள், வெளியே வைத்து நன்றாக உப்பின அப்புறம்தான் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம்.