ஹூஸ்டனில் டெக்ஸ்-மெக்ஸ்: எந்தக் கடையில் எதைச் சாப்பிடலாம்?

ஹூஸ்டனுக்கு வேலையாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ வருகிறவர்கள், நாசாவையும் பியர்லேண்ட் மீனாட்சி கோவிலையும் பார்த்து முடித்த கையோடு கேட்பது, "இங்க நல்ல மெக்சிகன் எங்க கிடைக்கும்?" என்பதுதான். பல வருடங்களாக இந்த ஊரில் சாப்பிட்டு, வருகிற போகிற சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிப் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த ஊரின் பலம் டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகன் சாப்பாடு. ஆனால் ஒரே கடையில் உட்கார்ந்து மெனு முழுக்க மேயக் கூடாது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைராசி ஐட்டம் உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

"இதெல்லாம் அசல் மெக்சிகன் கிடையாது" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இருக்கட்டும். உருகிய மஞ்சள் சீஸ், சீரகம் தூக்கலான சில்லி கிரேவி, கோதுமை டொர்ட்டியா (சப்பாத்தி மாதிரியான மெல்லிய ரொட்டி) எல்லாம் டெக்சாஸ் மண்ணில் தலைமுறைகளாக வாழும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களின் கைப்பக்குவம். சீரகம் என்பதாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகிறது.

ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்றால், டவுன்டவுனிலிருந்து காரில் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய நேவிகேஷன் புலிவார்டுக்குப் போங்கள். அங்கே இருக்கிறது 'தி ஒரிஜினல் நின்ஃபாஸ்'. நின்ஃபா லொரென்சோ என்ற அம்மாள், கணவர் இறந்தபின் நொடித்துப்போய்க்கொண்டிருந்த டொர்ட்டியா ஆலையைக் காப்பாற்ற, 1973-ல் அதன் முன்பக்கத்தில் பத்து மேசைகளைப் போட்டுத் தொடங்கிய கடை. நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சியை டொர்ட்டியாவில் சுருட்டித் தந்தார். ஒரு காலத்தில் பண்ணை ஆட்களுக்குக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடும் மலிவான 'ஸ்கர்ட்' துண்டு அது. இன்று அமெரிக்கா முழுக்க ஃபஹீட்டா என்று இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு வருவது பரவியதில் இந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு.

உள்ளே போனதும் டொர்ட்டியா போடுகிற இடத்தைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். எலுமிச்சை அளவு மாவு உருண்டை, குட்டையான ஒரு கட்டை, நாலு உருட்டு, உடனே கல்லில் விழும். அங்கங்கே கொப்புளம் எழும்பும்போது டொர்ட்டியா போடுகிற அம்மா கரண்டி தேடுவதில்லை, விரல் நுனியாலேயே புரட்டுகிறார். வாசனையில் சப்பாத்தி, கடித்தால் பரோட்டா பக்கம் சாய்கிற ஒரு மென்மை. அந்தச் சூட்டோடு வாயில் போட்டால்தான் அதற்கு மரியாதை. கூடவே வரும் பச்சை சாஸை விடாதீர்கள். அவகாடோவும் தக்காளியோ என்று நினைக்க வைக்கும் டொமாட்டியோ காயும் சவர் கிரீமும் சேர்ந்தது. சிப்ஸைத் தொட்டே பாதி வயிற்றை நிரப்பிவிடும் அபாயம் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழி, இறால் ஃபஹீட்டாக்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடையின் பெயர் நிற்பது மாட்டிறைச்சியில்தான்.

வெள்ளி, சனி மாலை அங்கே போகாதீர்கள், காத்திருப்பு பொறுமையைச் சோதிக்கும். மதியம் மூன்று மணி வாக்கில் போனால் நிம்மதி.

லொரென்சோ குடும்பத்தின் கையைவிட்டு அந்தக் கடை எப்போதோ போய்விட்டது. அவர்கள் தொடங்கிய 'எல் டியெம்போ'வின் கிளை ஒன்று அதே தெருவில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. எது உசத்தி என்று இங்கே ஓயாத சண்டை. என் தீர்ப்பு: டொர்ட்டியாவுக்கும் பச்சை சாஸுக்கும் நின்ஃபாஸ், இறைச்சிக்கு எல் டியெம்போ. அங்கே ஃபஹீட்டாவை பவுண்டு, அரை பவுண்டு கணக்கில் தருகிறார்கள். பில்லும் அதற்கேற்ற மாதிரிதான் வரும். மூன்று பேர் போனால் ஒரு பவுண்டு வாங்கிப் பகிர்வது புத்திசாலித்தனம்.

சில்லி கிரேவி ஊற்றிய சீஸ் என்சிலாடாவுக்கு, அதாவது சீஸை உள்ளே வைத்துச் சுருட்டிய டொர்ட்டியாவுக்கு, 'மொலினாஸ்'. 1941-ல் தொடங்கி இன்றும் அதே குடும்பம் நடத்துகிற கடை. அலங்காரம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். காலங்காலமாக மாறாமல் இருக்கிற மெனு, பல வருடமாக அங்கேயே வேலை பார்க்கும் பரிமாறுகிறவர்கள். 'ஹோஸேஸ் டிப்' என்று ஒன்று உண்டு, உருகிய சீஸ் கெஸோவின் மேல் மசாலா போட்ட கொத்துக்கறி. தட்டில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்னும் ரகம்.

இனி நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. சைவம் சாப்பிடுபவர்களுக்கு டெக்ஸ்-மெக்ஸ் சுலபம் என்று பலரும் சொல்வார்கள். பீன்ஸ், சோறு, சீஸ், இதில் என்ன அசைவம் இருக்கப் போகிறது என்ற எண்ணம். ஒருமுறை புறநகரில் ஒரு பெரிய செயின் உணவகத்துக்கு அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன். "இதில் இறைச்சி இல்லை" என்று உறுதி சொல்லித்தான் பரிமாறினார்கள். அத்தை பாதி பீன்ஸைச் சாப்பிட்ட பிறகு, எதற்கும் ஒரு முறை கேட்போம் என்று "மான்டேக்கா போடுவீர்களா?" என்றேன். "ஆமாம், அதுதானே ருசி" என்றார் பரிமாறிய பையன், சிரித்த முகத்தோடு.

"என்னடா சொல்றான் அவன்?" என்று அத்தை.

பன்றிக் கொழுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "சரியா வேகலையாம், வைங்க அத்தை" என்று தட்டை நகர்த்திவிட்டேன்.

ஆகவே கேட்க வேண்டியவை: ரீஃப்ரைடு பீன்ஸில் (வேகவைத்து மசித்து வதக்கிய பீன்ஸ்) பன்றிக் கொழுப்பு உண்டா, சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்ததா, கோதுமை டொர்ட்டியா மாவில் எந்தக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்பது. சில்லி கிரேவியில் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ அதன் சாறோ இருக்கும். சீஸ் என்சிலாடாதானே என்று நம்பி ஆர்டர் செய்துவிட வேண்டாம். மேலே பச்சை சாஸ் ஊற்றித் தரச் சொல்லலாம். சோள டொர்ட்டியா, மசிக்காமல் முழுதாக வேகவைத்த கறுப்பு பீன்ஸ் இரண்டும் ஓரளவு பாதுகாப்பு, ஆனால் அவற்றையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. 'பப்பாசிட்டோஸ்' மாதிரி பெரிய கூட்டத்துக்கு வசதியான கடையில் பெயர்போன 'ஷ்ரிம்ப் ப்ரோஷெட்' இறாலைச் சுற்றியிருப்பது பன்றி பேக்கன். இறால்தானே என்று மாமாக்கள் கை வைத்துவிடுவார்கள்.

காரம் போதவில்லை என்பது எல்லோருடைய புகார். பரிமாறுகிறவரிடம் கல்லில் சுட்ட ஹலப்பேனோ மிளகாய் கேளுங்கள். உப்பும் எலுமிச்சையும் தடவிக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். சிப்ஸும் சல்ஸாவும் பழைய கடைகளில் பெரும்பாலும் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். டிப்ஸ் மட்டும் 18 முதல் 20 சதவீதம் வைக்க வேண்டியிருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். குடிப்பவர்களுக்கு: ஃப்ரோசன் மார்கரீட்டா (டெக்கீலா கலந்த ஐஸ் பானம்) இயந்திரம் டெக்சாஸ்காரர்களின் கண்டுபிடிப்பு. டாலஸில் 1971-ல் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் சாஃப்டி ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றி அதைச் செய்தார், இப்போது அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாகத்துக்கு மோர் மாதிரி இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

காலைச் சாப்பாட்டுக்கு வாஷிங்டன் அவென்யூவில் 'லரேடோ டாக்கேரியா'. வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கிற பாத்திரங்கள், கையால் காட்டினால் போதும், சூடான டொர்ட்டியாவில் வைத்து டாக்கோவாகக் கொடுத்துவிடுவார்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது நம்பகமானது. நோபாலேஸ் என்று கள்ளிச்செடி மடலைப் பொரியலாக்கி வைத்திருப்பார்கள், வெண்டைக்காய் பிடித்தவர்களுக்கு அந்த வழவழப்பு தொந்தரவாக இருக்காது. நேவிகேஷன் பக்கமே தங்கியிருந்தால் 'விய்யா ஆர்கோஸ்'. அங்கே சூப்பர் டாக்கோ ஒன்று போதும், மதியம் வரை பசிக்காது.

கூடுதலாக ஒரு நாள் கையில் இருந்தால் சான் அன்டோனியோ போகலாம், காரில் மூன்று மணி நேரம். 'ரேஸ் டிரைவ் இன்'னில் பஃபி டாக்கோ, எண்ணெயில் போட்டதும் உப்பிக்கொள்ளும் சோள மாவு ஓடு. பார்சல் கட்டச் சொல்லாதீர்கள், அது ஐந்து நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாலும் சரி, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.