டாக் வழியே மானிட்டர் ஒளிர்வு: எந்த வழி, எந்த டாக்?

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு, மானிட்டரின் ஒளிர்வு ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய காரியமன்று. காலையில் ஜன்னல் வழியே வரும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்துவிட்டால், எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்து, அறையும் இருண்டுவிடும். வெயிலுக்காக 80இல் வைத்திருந்த வெள்ளைப் பக்கம் அப்போது முகத்தில் டார்ச் அடித்தாற்போல் இருக்கும். லேப்டாப்பின் சொந்தத் திரையை விசைப்பலகையிலேயே குறைத்துவிடலாம். லேப்டாப்பின் ஒரு துளையில் செருகி மானிட்டர் முதலியவற்றை இணைக்க உதவும் டாக் என்ற சிறு பெட்டி வழியே இணைத்த வெளித் திரை பெரும்பாலும் அந்த விசைகளுக்கு அசைவதில்லை.

முதல் வழி, மானிட்டரிலேயே இருக்கும் பொத்தான். என் மானிட்டரில் அது வலது கீழ் விளிம்புக்குப் பின்னால் ஒரு சிறு குமிழாக இருக்கிறது. தடவித் தேடி அழுத்தி, பட்டியலைத் திறந்து, ஒளிர்வு என்ற வரிக்குப் போய், 80இலிருந்து 30க்கு இறக்குவதற்குள் திரை முழுவதும் ஆடுகிறது. எந்த டாக்காக இருந்தாலும் இது தவறாமல் வேலை செய்யும் என்பது மட்டுமே இதற்குச் சாதகம். ஒரு நாளில் ஏழெட்டு முறை செய்ய எனக்குப் பொறுமையில்லை.

இரண்டாவது, மென்பொருளால் படத்தை மட்டும் மங்கலாக்குவது. லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் ஒளிர்வுத் தெரிவும், திரைமேல் கறுப்புச் சாயம் போர்த்தும் பல செயலிகளும் செய்வது இதைத்தான். எல்சிடி மானிட்டருக்குப் பின்னால் எரியும் பேக்லைட் அப்படியே முழு அளவில் எரிந்துகொண்டிருக்க, முன்னால் வரும் வெள்ளை மட்டும் சாம்பலாகிறது. கறுப்புப் பகுதிகளில் கசியும் வெளிச்சம் குறைவதில்லை என்பதால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கி, நிழற்படங்கள் சோகை பிடித்தாற்போல் தெரிகின்றன. மின்செலவும் குறையாது. மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளில் இது சிறிய விஷயமன்று. பேக்லைட்டை உண்மையாகவே இறக்கினால்தான் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

மூன்றாவது வழியே சரியான வழி என்பது என் முடிவு. டிடிசி/சிஐ என்ற பெயரில், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1998இல் வெளியிட்ட நெறிமுறை, கணினி தன் கட்டளையைப் படம் போகும் அதே கேபிள் வழியாக மானிட்டருக்கே அனுப்ப இடமளிக்கிறது. ஒவ்வொரு அமைப்புக்கும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) ஒரு எண் உண்டு: 10 என்பது ஒளிர்வு, 12 என்பது கான்ட்ராஸ்ட், 60 என்பது எந்த இணைப்பிலிருந்து படம் வரவேண்டும் என்ற தெரிவு. கட்டளை வந்ததும் மானிட்டர் தன் பேக்லைட்டையே இறக்குகிறது. பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் பலன் அப்படியே கிடைக்கிறது. விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, மானிட்டோரியன் ஆகியவையும், மேக்கில் மானிட்டர்கன்ட்ரோல், லூனார் ஆகியவையும், லினக்ஸில் டிடிசியூட்டிலும் இந்த வேலையைச் செய்கின்றன. இதன் ஒரே குறை மந்தம். ஒரு மாற்றக் கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையே 50 மில்லிநொடி காத்திருக்க வேண்டும் என்பதால், செயலியில் ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை வேகமாக இழுத்தால் திரை சற்றுப் பின்தங்கித்தான் வரும்.

ஆனால் இந்தக் கட்டளை மானிட்டரைச் சேருமா என்பதை நடுவில் உட்கார்ந்திருக்கும் டாக்தான் தீர்மானிக்கிறது. செயலியைக் குறைசொல்லிப் பல மாலைகளை வீணடித்த பிறகே எனக்கு இது விளங்கியது. மானிட்டரின் பெயரும் மாடலும் லேப்டாப்பில் சரியாகத் தெரிகின்றனவே, ஒளிர்வு மட்டும் ஏன் அசையவில்லை என்று குழம்பினேன். பெயரைப் படிப்பதும் ஒளிர்வை மாற்றுவதும் ஒரே தடத்தில் இரண்டு தனித்தனி முகவரிகளுடன் நடக்கும் பேச்சு. ஒன்றைக் கடத்தும் டாக் மற்றொன்றையும் கடத்தும் என்று உறுதியில்லை.

யுஎஸ்பி-சி துளை வழியே படத்தை நேராக அனுப்பும் ஆல்ட் மோட் அல்லது தண்டர்போல்ட் வகை டாக்குகளில் லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் உருவாக்கும் டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையே மானிட்டரை நோக்கிப் போகிறது. கட்டளை அதன் துணைத்தடத்தில் பயணிக்கிறது. டாக்கின் டிஸ்ப்ளேபோர்ட் துளையிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டால் வெற்றிக்கு வாய்ப்பு மிக அதிகம். அதே டாக்கின் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மாற்றிச் சிப் இருக்கும். அது கட்டளையை விழுங்கிவிடக்கூடும். என் முதல் டாக்கில் நடந்தது இதுவே: ஹெச்டிஎம்ஐயில் ஊமையாக இருந்த மானிட்டர், கேபிளை மாற்றியவுடன் 30 என்ற சொல்லுக்குப் பணிந்து இறங்கியது.

டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகளில் படம் யுஎஸ்பி தரவாகச் சுருக்கி அனுப்பப்பட்டு, டாக்கிலுள்ள சிப்பில் மீண்டும் படமாகிறது. ஆகவே கட்டளை போவதும் போகாததும் அதன் டிரைவர் மென்பொருளின் கையில் இருக்கிறது. மேக்கில் மானிட்டர்கன்ட்ரோல் இவ்வகை டாக் வழியே டிடிசி கட்டளை அனுப்ப முடியாமல், மென்பொருள் மங்கலாக்கலோடு நின்றுவிடுகிறது. எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் தானாக ஏற்கும் என்பதால், இரண்டு திரை வேண்டுபவர் இந்த வகையை வாங்கத்தான் நேரும். அவர் முதன்மைத் திரையை லேப்டாப்பின் மற்றொரு யுஎஸ்பி-சி துளையில் நேராக இணைத்து, இரண்டாவதை மட்டும் டாக்கில் விட்டுவிடுவது நல்லது.

இரவில் மட்டும் நான் இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொள்கிறேன். மானிட்டரை 0க்கு இறக்கிய பிறகும் கண் கூசினால், அதற்கு மேல் மென்பொருளால் கொஞ்சம் மங்கலாக்குவதில் தவறில்லை.

புதிய டாக் வாங்குவதற்கு முன், மானிட்டரின் பட்டியலில் டிடிசி/சிஐ இயக்கத்தில் இருக்கிறதா, மின்சேமிப்பு, ஹெச்டிஆர் போன்ற நிலைகள் ஒளிர்வைப் பூட்டி வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, டாக் இல்லாமல் லேப்டாப்பிலிருந்து நேராக ஒரு கேபிள் போட்டுச் சோதியுங்கள். நேரில் அசைந்து டாக்கில் அசையாவிட்டால் முதலில் கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், செயலியை நிறுவிய லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கோவைக்கு இறங்கி, கடையிலேயே டாக்கை மாட்டி நகர்த்தியை இழுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.