ஆறு வருடம் கழித்து எங்கள் வீட்டு இன்டீரியர்

போன மாதம் தடித்த அட்டையில் ஒரு அழைப்பிதழ் வந்தது. எங்கள் வீட்டுக்கு இன்டீரியர் செய்த ஸ்டூடியோவுக்குப் பத்தாவது ஆண்டு விழாவாம். பெங்களூரில் ஒரு கிளை, துபாயில் ஒரு கிளை, வாங்கிய விருதுகள், முடித்த வீடுகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுப்பக்கத்தில் ஒரு படம். உற்றுப் பார்த்தால் எங்கள் வீட்டு ஹால்! 2019 தை மாதம், நாங்கள் பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னால் எடுத்தது.

அந்தப் படம் எடுத்த அன்று நான் கூடவே இருந்தேன். ஒரு வேனில் சாமான்கள் வந்து இறங்கின. மரக் கிண்ணம் நிறைய பச்சை ஆப்பிள், காய்ந்த ஏதோ ஒரு கிளை, ஒரு கட்டுப் புத்தகங்கள். புத்தகங்களின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கினார்கள், தலைப்பு தெரிந்தால் கலர் கெட்டுவிடுமாம். எங்கள் ஊஞ்சலைக் கழற்றிப் பால்கனியில் சாய்த்து வைத்தார்கள். சாயங்காலம் ஆப்பிள்களை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை ஒன்று எடுத்து நறுக்கியிருந்தால் கணக்கு உதைத்திருக்கும்.

அந்தப் படத்தில் இருப்பதும், படத்துக்கு வெளியே விடப்பட்டதும் இன்று எப்படி இருக்கின்றன என்று எழுதலாம் எனத் தோன்றியது. ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே தரத்தில், இதே விலையில் வேலை செய்கிற யாரிடம் போனாலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரம். மூன்று படுக்கையறை. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தைக்குத் தேவகோட்டை.

முதலில் தரை. படத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அது இத்தாலியன் மார்பிள், பொட்டிச்சினோ வகை. கிடங்கில் போய்ப் பலகை பலகையாகப் பார்த்து எடுத்தோம். பதித்து, மெருகேற்றி, மற்ற வேலை முடியும்வரை மேலே பிளாஸ்டிக் விரித்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி மூடி வைத்திருந்தார்கள். கடைசியில் அதை உரித்த அன்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நடந்து பார்த்தோம். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல்லின் உறவுதான். இரண்டும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, தயிர் எது பட்டாலும் அந்த இடம் அரிக்கும். கறையைத் துடைத்தாலும் மினுமினுப்பு போய் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும், அது துடைத்துப் போகாது. எங்கள் வீட்டில் சமையலறை வாசலிலிருந்து சாப்பாட்டு மேசைவரை அப்படி ஒரு தடம் இருக்கிறது, ரசம் கொண்டுபோகும் பாதை. வேலைக்கு வரும் அம்மா ஒரு நாள் பாத்ரூமுக்கான ஆசிட் பாட்டிலைத் தரையில் வைத்து எடுத்தார், ஐந்து நிமிடம்கூட இருக்காது. பாட்டிலின் அடிவட்டம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. நான்காவது வருடம் மறுபடி பாலிஷ் போட்டோம். நாலு நாள், சாமான்களை அறை அறையாக மாற்றி, வீடு முழுக்க வெள்ளைச் சேறு. இப்படிப் போட வேண்டிவரும் என்று ஸ்டூடியோவில் ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதுவும் உண்மை.

அத்தைக்கு இதில் ஒரு ஆதங்கம். செட்டிநாட்டு வீடுகளிலும் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த மார்பிள் உண்டுதான். ஆனால் ஆட்கள் புழங்கி, சாப்பிட்டு, உருண்டு படுக்கிற இடங்களில் ஆத்தங்குடிக் கல்தான் நிறையப் போட்டார்கள். அது கண்ணாடிப் பலகை மேல் நிறம் ஊற்றி, சிமென்ட் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. சூளையே கிடையாது. நடக்க நடக்க, அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு கூடும். "ஒரு தரை பழகப் பழகத் தேறணும், இது தேயுதே" என்பார் அத்தை. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பூஜை அறைக்கும் அதே மார்பிள்தான். சாமி மேடை வெள்ளை வெளேர் என்று இருந்தது, பின்னால் பூப்பூவாக ஓட்டை வெட்டிய ஜாலிப் பலகை, அதற்குப் பின்னால் விளக்கு. குத்துவிளக்கிலிருந்து எண்ணெய் கசியும் என்பது அதை வரைந்தவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. மார்பிள் எண்ணெயைக் குடித்துவிடும். ஆறே மாதத்தில் விளக்கைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் பழுப்பு. ஜாலியின் ஓட்டைகளில் கற்பூரப் புகை படிந்து, இப்போது பின்னாலிருந்து விளக்கைப் போட்டால் ஒவ்வொரு பூவிதழின் மேல் ஓரத்திலும் மை தீட்டினதுபோல் தெரிகிறது. அழகாகக்கூட இருக்கிறது, ஆனால் அதற்காகக் காசு கொடுக்கவில்லை. இப்போது விளக்குக்கு அடியில் ஒரு துண்டுக் கருப்பு கிரானைட்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். சமையலறை.

வரைபடத்தில் மேடை உயரம் 36 அங்குலம். அத்தை நாலடி பத்தங்குலம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை, நானும்தான். மரவேலைக்கு வந்தது ராஜஸ்தான் குழு. அதில் மூத்த ஆசாரிக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு, இங்கே வந்து அத்தனை வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள் அத்தை வேலையைப் பார்க்க வந்தபோது, "அம்மா, செருப்பைக் கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க" என்றார். நின்றார். "மாவு பிசையிற மாதிரி அமுக்குங்க." அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே வெறும் காற்றை இரண்டு கையாலும் அமுக்க, ஆசாரி காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு கிழித்தார். அளந்தால் 31 அங்குலம். அப்புறம் என்னை நிற்கவைத்தார். எனக்கு 35 வந்தது.

கடைசியில் அடுப்பும் சிங்க்கும் இருக்கிற பக்கம் 34, ஜன்னலோரம் நாலடி நீளத்துக்கு மட்டும் தனியாக 30 அங்குலத்தில் ஒரு தாழ்ந்த மேடை. டிசைனருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. மேடையின் கோடு உடைந்துவிடுகிறது என்று இரண்டு நாள் வாதாடினார். கிரைண்டரைக் கீழ்த் தட்டில் ஒளித்து வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாமே என்றார். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கிற சாமானைக் குனிந்து தூக்கச் சொல்கிறவர் மாவு அரைத்தவர் இல்லை. இந்த ஆறு வருடத்தில் அந்தக் கிரைண்டரை யாரும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை, ஜன்னலோரத்தில் நிற்கிற இடத்திலேயே அரைக்கிறது. அத்தை அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார். ஸ்டூடியோ எடுத்த சமையலறைப் படங்கள் எதிலும் அந்த மேடை தெரியாது. கோணம் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

சிங்க்குக்குக் கீழ் அலமாரியிலும் அதே ஆசாரியின் கை. ஐ.எஸ் 710 முத்திரை போட்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்தான் என்றாலும், அடித்தட்டில் அலுமினியத் தகட்டைத் தட்டு மாதிரி மடித்து வைத்து, மூலைகளில் சிலிக்கான் அடைத்துவிட்டார். ஒரு ராத்திரி வாட்டர் பியூரிஃபையர் குழாய் விட்டுப்போய் விடியும்வரை ஒழுகியிருக்கிறது. காலையில் தகட்டில் குளம்போலத் தண்ணீர் நின்றது. துணியால் ஒற்றி எடுத்தோம், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதவுகள் வேறு கதை. பளபளக்கும் அக்ரிலிக், கைப்பிடி கிடையாது, மேல் விளிம்பில் விரலை விட்டு இழுக்க ஒரு பள்ளம். படத்தில் அருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பள்ளத்தில் தோசைமாவு இறங்கிக் காய்ந்துவிடும், பழைய டூத் பிரஷ்தான் கதி. 2020 ஊரடங்கில் மூன்று வேளையும் ஐந்து பேருக்குச் சமைத்த அந்த மாதங்களில்தான் பளபளப்பெல்லாம் பொடிக் கீறலாகிப் போனது. இன்னொரு தடவை செய்தால் மங்கல் லேமினேட், உறுதியான கைப்பிடி, அவ்வளவுதான்.

பாத்ரூம் வாஷ்பேசின் அடியில் இருந்த அலமாரிதான் பெரிய சண்டை. கதவில் கோடு கோடாகப் பள்ளம் வைத்து பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்படிக் குடைய பிளைவுட் சரிப்படாது, எம்.டி.எஃப் போட்டார்கள். மரத்தை நாராக்கி அழுத்திச் செய்த பலகை அது. பெயின்ட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாவது மழைக்காலத்தில் பணியாரம்போல் உப்பிவிட்டது. எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தால் "பிளை / எம்.டி.எஃப்" என்று இருக்கிறது. அந்தச் சாய்கோட்டின் விலை எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் தடவை சும்மா மாற்றித் தந்தார்கள், அதே எம்.டி.எஃபில். மறுபடி உப்பியபோது புது எஸ்டிமேட் அனுப்பினார்கள்.

கடற்காற்று பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கனிக் கம்பி 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நல்ல ரகம்தான், ஆனால் உப்புக் காற்றில் டீ தெளித்ததுபோல் பழுப்புப் புள்ளி விழுகிறது. கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316தான் சரி, விலை கூட. உள்ளே அலமாரிக் கதவுகளுக்குச் சிக்கனம் பார்க்காமல் விலை கூடின இறக்குமதிக் கீல் போட்டிருந்தோம். அது இன்னும் சத்தமில்லாமல் மூடுகிறது.

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒளிந்து எரியும் விளக்குகள் இருக்கின்றனவே, அந்த எல்.இ.டி பட்டை சாவதற்கு முன் அதன் டிரைவர்தான், அதாவது கரண்டைப் பட்டைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான், முதலில் சாகிறது. டிரைவரை ஜிப்சம் போர்டுக்கு மேலே போட்டு, கை விட ஒரு மூடிகூட வைக்காமல் அடைத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து போய் வந்ததில் ஒரு பக்கம் அணைந்தது. எலெக்ட்ரீஷியன் சீலிங்கை அறுத்துத்தான் எடுத்தார். பட்டையும் போயிருந்தது, கடையில் கிடைத்ததைப் போட்டார். பழையது 3000 கெல்வின், மஞ்சள் வெளிச்சம். புதியது 4000, வெள்ளை வெளிச்சம். ஹாலின் மூன்று பக்கம் கோயில் பிரகாரம், ஒரு பக்கம் ரேஷன் கடை. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது, எனக்கு இன்னும் பழகவில்லை.

ஸ்டூடியோ செய்ததில் நான் மனதாரப் பாராட்டுவது ஒரு விஷயம், அது எந்தப் படத்திலும் வராது. சுவர்களைப் பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து, எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தக் குழாய் எத்தனை அங்குலத்தில் என்று ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். இதுவரை எத்தனையோ ஓட்டை போட்டுவிட்டோம், ஒரு குழாயையும் உடைக்கவில்லை. எதிர் ஃபிளாட்டில் ஒரு ஆணி அடித்து மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். டிசைன் கட்டணம் தனி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி, கடைசி பில் முதல் எஸ்டிமேட்டைவிட நன்றாகவே கூடியது. அதில் பாதி எங்கள் ஆசையால் வந்தது. சாவி வாங்கியபின் மூன்று மாதத்துக்குக் கடைசித் தவணையைப் பிடித்து வைத்தோம். அந்த மூன்று மாதம் கூப்பிட்ட மறுநாள் ஆள் வந்தது. அதற்குப் பிறகு அப்படி வரவில்லை.

எங்கள் வீட்டை வரைந்த இரண்டு டிசைனர்களும் மூன்று வருடத்துக்குள் வேலை மாறிப் போய்விட்டார்கள். இப்போது ஃபோனை எடுக்கும் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். "உங்க ஃபைல் பழைய சர்வர்ல இருக்கு மேம், பார்த்துட்டு சொல்றேன்" என்பார். அழைப்பிதழில் உள்ள துபாய் கிளையும் விருதுகளும் வந்தது சரியாக இந்த வருடங்களில்தான். இப்போது யாராவது ஸ்டூடியோ தேடுவதாக என்னிடம் கேட்டால், புதிதாக முடித்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள், ஐந்து வருடம் குடியிருந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல், என்கிறேன். இதுவரை கேட்டுப் பார்த்த இரண்டு பேருக்கும் காட்டவில்லை.

ஆசாரியின் நம்பர் மட்டும் மாறவில்லை. வாஷ்பேசின் அலமாரியை இந்த வெள்ளிக்கிழமை அவரே வந்து மரைன் பிளையில் செய்கிறார். பள்ளம் கிடையாது, மேலே எங்கள் படுக்கையறை அலமாரியின் அதே லேமினேட்டை ஒட்டப் போகிறார். அந்த ஷேடு இப்போது கடையில் வருவதில்லை. 2019-லேயே, "ரெண்டு ஷீட் சேர்த்து வாங்கி வெச்சிருங்க மேடம், கம்பெனி நிறுத்திருவான்" என்று சொன்னது அவர்தான். எட்டடி ஷீட், கட்டிலுக்கு அடியில் முழுதாக அடங்காமல் கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு வருடமாக எல்லோரும் அதில் இடித்துக்கொண்டு திட்டியிருக்கிறோம். நேற்று அத்தை அதைத் தூசி தட்டி வைத்துவிட்டார்.