கேட்லியாவைப் பிரிக்க எது நல்லது: சட்டியைக் கவிழ்த்து வெட்டுவதா, சட்டியிலேயே வெட்டிவிட்டுக் காத்திருப்பதா?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் மதினி 7 ஆண்டுகளுக்கு முன் கேட்லியா என்ற ஆர்க்கிட் செடியின் நான்கு தண்டுகள் கொண்ட ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் அது 14 தண்டுகளாகப் பெருகி, நடுவில் இரு கிளைகளாகப் பிரிந்து, சட்டி விளிம்பைத் தாண்டிக் காற்றில் வேர்களைத் தொங்கவிட்டது. இதற்கிடையே மதினி வீட்டுத் தாய்ச்செடி ஒரு மழைக்காலத்தில் அழுகிப்போனது. "உன்னிடம் இருப்பதில் ஒரு துண்டு எனக்குக் கொடு" என்று கேட்டார். கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்யத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. அதற்கு முன் ஒரு வெள்ளைக் கேட்லியாவைப் பிரித்து நான் பட்ட பாடு அப்படி.

சட்டி கொள்ளாமல் வளர்ந்துவிட்ட கேட்லியாவுக்கு மூன்று வழிகள் உண்டு. அப்படியே பெரிய சட்டிக்கு மாற்றலாம். சட்டியிலிருந்து எடுத்து, அன்றே துண்டுகளாக வெட்டித் தனித்தனியாக நடலாம். அல்லது செடியை அசைக்காமல் சட்டிக்குள்ளேயே கிடைத்தண்டை (தண்டுகளை அடியில் இணைத்துக் கிடையாக ஓடும் தண்டு) மட்டும் வெட்டிவிட்டு, பின்பகுதியில் முளை வந்து வேர் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பிரிக்கலாம். நான் இம்முறை மூன்றாவதைச் செய்தேன். இனியும் அதையே செய்வேன்.

பெரிய சட்டி யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். யாருக்கும் துண்டு தர வேண்டியதில்லை, இடமும் இருக்கிறது என்றால் அது நல்ல வழிதான். பல முனைகள் ஒரே நேரத்தில் பூக்கும் பெருஞ்செடியின் அழகு பிரித்த செடிகளுக்கு வராது. ஒரே எச்சரிக்கை: செடி நட்டிருக்கும் பழைய கரியும் தேங்காய் மட்டையும் நடுவில் மக்கிக் கிடக்க, சுற்றிலும் மட்டும் புதிதாக நிரப்பினால் நடுப்பகுதி ஈரம் காயாமல் வேரை அழுக்கும். பழையதை எடுக்கத்தான் வேண்டும். எடுத்தால் வேர் உடையும். ஆக அந்த வழியும் கடைசியில் வேரில்தான் வந்து நிற்கிறது.

உடனே வெட்டிப் பிரிக்கும் முறையைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். ஒரே நாளில் வேலை முடியும். துண்டுக்கு மூன்று நான்கு தண்டுகளாவது இருக்க வேண்டும் என்ற விதியும் எல்லோருக்கும் தெரியும். என் வெள்ளைக் கேட்லியாவில் 12 தண்டுகள் ஒரே வரிசையாக இருந்தன. விதிப்படி நான்கு நான்காக மூன்று துண்டு போட்டேன். முன்துண்டு இரண்டாம் ஆண்டே பூத்தது. நடுத்துண்டுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. பின்துண்டு சுருங்கிச் சுருங்கி, எட்டு மாதம் கழித்துக் காய்ந்தே போனது. மூன்றையும் ஒரே கரியில், ஒரே நிழலில், ஒரே நீரில் வளர்த்தேன். பின்துண்டு மட்டும் ஏன் போனது என்று நெடுநாள் புரியவில்லை.

பதில் செடியின் அமைப்பிலேயே இருக்கிறது. கேட்லியா கிடையாக ஊர்ந்து வளரும் செடி. ஒவ்வொரு புதுத் தண்டும் முந்தைய தண்டின் அடிக்கண்ணிலிருந்து கிளம்புகிறது. அப்படி வரும் புதுத் தண்டின் அடியிலிருந்துதான் புது வேர்களும் இறங்குகின்றன. ஒரு தண்டு தன் வேர்களைப் பெரும்பாலும் அந்த ஒரு பருவத்தில் விட்டு முடித்துவிடும். பழைய தண்டின் வேர் பாதியில் முறிந்தால், உயிருள்ள மீதிப் பகுதியிலிருந்து சில நேரம் கிளை வேர் வரும். அடியோடு போனால் அந்தத் தண்டு மறுபடி புது வேர் விடுவது அரிது.

இப்போது அந்தப் பின்துண்டை நினைத்துப் பாருங்கள். நான்கும் பழைய தண்டுகள். மண்சட்டியின் சுவரோடு ஒட்டிக் கிடந்த வேர்களை நான் கத்தியால் நெம்பி எடுத்தேன். பாதிக்கு மேல் தோலுரிந்து உள்நரம்பு மட்டும் நூலாகத் தொங்கியது. அந்தத் துண்டுக்கு இனி வேர் வர வேண்டுமானால் முதலில் முளை வர வேண்டும். முளை வர நீரும் சத்தும் வேண்டும். நீர் எடுக்க வேர் இல்லை. தண்டுக்குள் சேமித்து வைத்ததைக் கொண்டு அது எட்டு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது. முன்துண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முனையில் வளர்ந்துகொண்டிருந்த தளிர் அடுத்த சில வாரங்களிலேயே தனக்கான வேரை விட்டுக்கொண்டது.

சட்டியிலேயே வெட்டுவது இந்த ஒரு முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. முனையில் வளரும் தளிரில் உண்டாகும் ஹார்மோன் கிடைத்தண்டு வழியே பின்னோக்கி வந்து, பழைய தண்டுகளின் கண்களை உறங்க வைத்திருக்கிறது. கிடைத்தண்டை வெட்டியதும் அந்தத் தடை அறுந்து, பின்பகுதியின் கண்கள் விழிக்கத் தொடங்குகின்றன. பழைய வேர்கள் இருந்த இடத்திலேயே இருப்பதால், விழிக்கும் முளைக்கு அவை நீர் ஊட்டுகின்றன. முளை தண்டாகித் தன் வேரை விட்ட பிறகு அந்தத் துண்டுக்கு ஒரு முன்முனை கிடைத்துவிடுகிறது. அப்போது சட்டியை உடைத்துப் பழைய வேர் சிலவற்றை இழந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

நான் வெட்டியது தை மாதம். எங்கள் ஊரில் வடகிழக்கு மழை ஓய்ந்து, வெயில் கடுமையாவதற்கு முந்தைய நாட்கள். வெட்டுவாய் காய அதுதான் தோதான காலம். கரிய அழுகல் நோய் புதுக்காயத்தின் வழியாக ஏறும் என்பதால் மழை நாளில் கத்தியை எடுக்கவே கூடாது. முதலில் தண்டுகளின் அடியில் காய்ந்த சவ்வை உரித்து ஒவ்வொரு கண்ணையும் பார்த்தேன். பருத்துப் பச்சையாக இருப்பவை உயிருள்ள கண்கள். பழுப்பாகத் தட்டையாக இருப்பவை செத்தவை. உயிருள்ள கண் ஒன்றாவது பின்பகுதியில் இல்லையென்றால் வெட்டிப் பயனில்லை. சவ்வை உரித்தபோது அடியில் ஒளிந்திருந்த மாவுப்பூச்சிக் கூட்டமும் கண்ணில் பட்டது. சோப்பு நீர் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன்.

இரு கிளைகளிலும் முனையிலிருந்து நான்கு தண்டு எண்ணி, அதற்குப் பின்னால் வெட்டினேன். ஆறு தண்டுகள் பின்பகுதியாக நின்றன. கத்தியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டுப் பயன்படுத்துவதில் நான் மிகவும் பிடிவாதம். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை வெட்டும் கருவியில் ஒட்டும் சாற்றின் வழியாகவே ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன. வந்துவிட்டால் மருந்து கிடையாது. அந்தச் செடியிலிருந்து பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் நோயைச் சுமந்துகொண்டே போகும். துண்டு கொடுப்பது அன்பினால். கூடவே நோயையும் கொடுத்துவிடக் கூடாது. வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் தடவினேன். வேரில் அது படக் கூடாது, வேரை உலர்த்திவிடும். நான்கு நாள் நீர் விடவில்லை. பிறகு வழக்கம்போல் கவனித்தேன்.

ஏழாவது வாரம் பின்பகுதியில் ஒரு கண் பருத்தது. இன்னும் மூன்று வாரத்தில் இரண்டாவது. பழைய தண்டின் அடியில், பல ஆண்டு உறங்கிய இடத்தில், பயற்றம்பருப்பு அளவு பச்சை தெரிந்த அந்தக் காலை எனக்குப் பூவைப் பார்த்ததுபோலத்தான் இருந்தது. மூன்றாவது கண் ஒன்று பருத்து, பிறகு கருகிவிட்டது. நத்தை கடித்ததா, வெட்டுக்கு அருகில் இருந்ததாலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முளையைத் தூண்டும் ஹார்மோன் பசையை ஒரு கண்ணில் தடவியும் பார்த்தேன். முளைத்தது. தடவாத கண்ணும் முளைத்ததால் பெருமையைப் பசைக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனியில், தென்மேற்கு மழை காற்றில் ஈரம் ஏற்றிய பிறகு, புதுத் தண்டின் அடியில் வேர்முனைகள் பச்சையாக எட்டிப் பார்த்தன. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். விரல் நீளம் வளரவிட்டால் கைபட்டாலே முறியும். சட்டியை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்தேன். ஊறிய வேர் வளையும். காய்ந்த வேர் ஒடியும். இம்முறை நெம்பவில்லை. சட்டியைச் சுத்தியலால் தட்டி உடைத்து, வேர் ஒட்டிய ஓடுகளை அப்படியே புதுச் சட்டிக்குள் வைத்தேன். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, எங்கள் பக்கம் கதம்பை என்று சொல்லும் தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம். பழைய தண்டுகள் சட்டி விளிம்பை ஒட்டி, புதுமுனை நடுவை நோக்கி. கிடைத்தண்டு மேலே தெரிய வேண்டும், புதையக் கூடாது. தண்டுகளைக் குச்சியோடு இறுகக் கட்டினேன். செடி ஆடினால் புது வேர்முனை கரியில் உரசித் தேய்ந்துவிடும்.

இந்த முறைக்கு விலை உண்டு. ஐந்து மாதம் நெரிசலான சட்டியோடு காத்திருக்க வேண்டும். துண்டு கேட்டவரும் காத்திருக்க வேண்டும். கரியும் மட்டையும் ஏற்கெனவே மக்கிப் புளித்த வாடை அடிக்கிறது என்றால் காத்திருப்பது தவறு. உள்ளே பழைய வேர்கள் செத்திருக்கும், அவற்றை நம்பி வெட்டுவதில் பொருளில்லை. அப்போது உடனே கவிழ்த்து, அழுகியதை நீக்கி, பிழைப்பதைப் பிழைக்கவிடுவதுதான் வழி. முன்துண்டு மட்டும் போதும், பின்தண்டுகள் போனால் போகட்டும் என்பவருக்கும் உடனே வெட்டுவது நல்லது. என் அனுபவம் மூன்று சட்டிகள் மட்டுமே, மூன்றும் கேட்லியா என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழையே இல்லாத ஊரில், மாடியில் வளர்ப்பவருக்கு என் மாதக்கணக்கு பொருந்தாமல் போகலாம். புதுவேர் தெரியும் நேரத்தில் பிரிப்பது என்ற கணக்கு மட்டும் மாறாது.

பின்தண்டுகளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அதே பூ வேண்டும் என்பதற்காகத்தான். கலப்பின ஆர்க்கிட்டின் விதையிலிருந்து தாயைப் போன்ற செடி வராது. 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கும் முறையைக் காட்டினார். அதில் கிடைத்தவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செடிகள். 1960இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜார்ஜ் மொரெல் சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டின் வளர்நுனித் திசுவிலிருந்து ஒரே மாதிரிச் செடிகளை ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டும்வரை, ஒரு நல்ல செடியை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கக் கத்தியும் பின்தண்டும்தான் வழி. வீட்டில் வளர்ப்பவருக்கு இன்றும் அதுதான்.

டென்ட்ரோபியம் என்ற மற்றோர் ஆர்க்கிட்டுக்கு இவ்வளவு காத்திருப்பு தேவைப்படவில்லை. தண்டுகள் நெருக்கமாக நிற்பதால் கத்தி நுழையவே இடம் இருக்காது. மழை தொடங்கியதும் எடுத்து, குத்தாகப் பிரித்து நட்டதில் எனக்குச் சேதமில்லை. இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டி எறிய வேண்டாம். அவற்றின் கணுவில் குட்டிச்செடிகள் வரும். ஃபெலனோப்சிஸ், வாண்டா ஆகிய ஆர்க்கிட்டுகள் இரண்டுக்கும் கிடைத்தண்டே இல்லை என்பதால் இந்த ஒப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது.

முன்துண்டுகள் இரண்டில் ஒன்று மதினிக்கும் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போயின. மதினி வீட்டுச் செடி அடுத்த ஆண்டே மூன்று பூ விட்டது. ஆறு தண்டுப் பின்பகுதியை நான் வைத்துக்கொண்டேன். அதில் மதினி முதலில் கொடுத்த நான்கு தண்டுகளும் இருக்கின்றன. இரண்டில் இலைகூட இல்லை. அவற்றின் முன்னால் நிற்கும் புதுத் தண்டு இந்த மாதம் மொட்டை மூடியிருக்கும் பூவுறை விட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மொட்டு நிழலாகத் தெரிகிறது.